ஆரஞ்சில் நிற்கிறது

ஆரஞ்சு. இன்னும் ஆரஞ்சுதான். செருகியதும் கொஞ்ச நேரம் ஆரஞ்சு எரியும், மாட்யூல் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், அப்புறம் பச்சையாகிவிடும் என்று கையேட்டில் போட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று போடவில்லை. எழுதியவன் எங்கேயாவது காபி குடித்துக்கொண்டு எழுதியிருப்பான், அவனுக்குக் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரம்தான். நான் இங்கே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் ரூமில் முழங்காலிட்டு நிற்கிறேன், இடது மணிக்கட்டில் பட்டை, பட்டையிலிருந்து ஒரு வயர், வயரின் நுனி ரேக்கின் இரும்பில். உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரம் மாட்யூலைத் தொட்டுக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக இந்தக் கட்டு. கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்று ஒரு விளக்கைப் பார்க்கிறேன். மற்ற விளக்குகள் எல்லாம் பச்சையாக மினுங்குகின்றன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வயர், ஒவ்வொரு வயரின் மறுமுனையிலும் ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கை. இந்தப் பெட்டிக்கும் சுவிட்ச் என்றுதான் பேர். வீட்டில் என் மனைவி ரஹ்மத்துக்குச் சுவிட்ச் என்றால் லைட் போடுகிற சுவிட்ச்தான், அதை மாட்ட இவ்வளவு படிச்ச ஆளா வேணும் என்று கேட்பாள். இது அது இல்லை என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று. எல்லா வயரும் வந்து சேருகிற பெட்டி இது, எந்தச் செய்தி எந்த வயரில் போகணும் என்று பார்த்து அனுப்புகிற பெட்டி. மாடியில் பத்துப் படுக்கையில் துடிக்கிற பத்து இதயமும் கோடாக மாறி இதற்குள் வந்து, இதிலிருந்து நர்ஸ் மேசைத் திரைக்குப் போகிறது. முகப்பில் ஓர் ஓரத்தில் ஒரு பொந்து மட்டும் வாங்கிய நாளிலிருந்து காலியாகக் கிடந்தது, பின்னால் தேவைப்பட்டால் கூடுதலாக ஒன்றைச் செருகிக்கொள்ளலாம் என்று. இப்போது தேவைப்பட்டுவிட்டது. புதுக் கட்டிடம் தூரம், சாதா வயர் அவ்வளவு தூரம் இழுக்காது, ஃபைபர் போட்டாயிற்று, அந்த ஃபைபரை மாட்ட வாய் இருக்கிற மாட்யூல் இதுதான். சாயங்காலத்திலிருந்து பெரிய டாக்டர் புதுக் கட்டிடத்தில் உட்காருவார், இந்தக் கோடுகள் அவர் மேசையிலும் ஓட வேண்டும். ஆரஞ்சு.

திரை நின்னுறாதுல்லா பாய் என்று சிஸ்டர் ஜெசிந்தா காலையில் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னேன், நிக்காது சிஸ்டர், ஓடும்போதே செருகுற மாதிரிதான் செஞ்சிருக்கான், நீங்க உங்க வேலையப் பாருங்க. ஐ.சி.யூ.வின் தலைமை நர்ஸ் அந்த அம்மா, பேச்சைக் குறைத்துக் காதைக் கூர்மையாக வைத்திருப்பவர். என் சிரிப்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். ஏன் சிரித்தேன். சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். அங்கே ஒவ்வொரு படுக்கையும் ஒரு கண்ணாடி அறை, கதவைச் சாத்திவிட்டால் உள்ளே மானிட்டர் கத்தினாலும் வெளியே பூனை கத்துகிற அளவுக்குத்தான் கேட்கும், அதனால்தான் எல்லாவற்றையும் நடு மேசைத் திரைக்குக் கொண்டுவந்தது. திரை போனால் நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண் போன மாதிரி. அப்புறம் அந்தப் பெண், ஏழாம் படுக்கை வள்ளிநாயகத்தின் மனைவி, செண்பகவடிவு. அவர் பஸ் கண்டக்டர், டபுள் பெல் அடித்துவிட்டு அப்படியே படியில் சாய்ந்துவிட்டாராம். ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பவள், நான் கேபிள் சுருளோடு போகிறதைப் பார்த்து எழுந்து வந்தாள். உள்ளே டி.வி.யில் ஓடுகிற கோடு என் கையில்தான் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோடு ஓடிக்கிட்டே இருக்கும்லா சார் என்று கேட்டாள். கோடு வேறு, ஆள் வேறு அம்மா, கோடு நின்றாலும் ஆள் நிற்கமாட்டார் என்று விளக்கியிருக்க வேண்டும். ஓடும்மா என்றேன். இந்தக் காலையில் ஆளாளுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

லேப்டாப்பைப் பார்க்கிறேன். அதே வரிதான். பொந்தில் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்கிறது சுவிட்ச். நான் என்ன பண்ண, எனக்கும் தெரியவில்லை. செருகும்போது க்ளிக் கேட்டதா? கேட்டது. இல்லை, கேட்ட மாதிரி இருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் ஒரே அழுத்தமாகத் தள்ள வேண்டும், கோணலாகப் போனால் ஊசி வளையும், தடுக்கினால் பலத்தைக் காட்டாதே, வெளியே எடுத்துப் பார் என்று சென்னையில் பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். தடுக்கியதா? கடைசியில் ஒரு நூல் அளவு தடுக்கியது. புதுச் சாமான், இறுக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துத் தள்ளினேன். அந்த நூல் அளவுதான் இப்போது ஆரஞ்சாக எரிகிறது. எடுத்துவிட்டுத் திரும்பச் செருகலாம். அதற்கும் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது, சின்ன எழுத்தில், நல்ல விஷயத்தையெல்லாம் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இதை மட்டும் அடியில். சோதனை முடியாத நிலையில் மாட்யூலை வெளியே இழுத்தால் சுவிட்ச் முழுவதுமாக நின்று மறுபடி கிளம்பக்கூடும். கூடும். கிளம்பலாம், கிளம்பாமலும் போகலாம். கிளம்பினால் அது முழிப்பு வந்து எழுந்து வரும்வரை பத்துக் கோடும் இல்லை. இழுக்காமல் இப்படியே விட்டால்? இப்படியே விட்டாலும் எந்த நேரமும் தானே விழலாம், பாதி ஒட்டி பாதி ஒட்டாத சாமான் அது. சாயங்காலம் எல்லாரும் புதுக் கட்டிடத்தில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கும்போது விழும். அல்லது இப்போதே, நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே. பச்சை வா. வந்துவிடு. உனக்கு என்ன கேடு.

ஒரு வாசனை. பெட்டியின் விசிறி முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் விடுகிறது, குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தபோது சூடான காற்றோடு வந்தது. கருகல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், கருகல் வாசனை எனக்குத் தெரியும். இது இதமான வாசனை, பயத்துக்குப் பொருந்தாத வாசனை. சின்ன வயதில் தர்கா கந்தூரிக்கு வாப்பா தோளில் தூக்கிப் போவார், சந்தனக்கூடு வரும், நெரிசலில் யாரோ கையை நீட்டி என் கழுத்தில் சந்தனத்தை அள்ளிப் பூசுவார்கள், குளிரும், மறுநாள் வரைக்கும் உம்மா குளிக்கவிடமாட்டாள். அதே வாசனை. எங்கள் வீட்டில் அத்தர் நான் பூசுவதில்லை, ரஹ்மத்துக்குத் தலை வலிக்கும். அப்படியானால் இது எங்கிருந்து? காலையில் பொந்தை மூடியிருந்த தகட்டைத் திருகாணி கழற்றி எடுத்து ரேக்கின் மேலே கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்துத்தான் வைத்தேன், முகப்பைப் பார்க்கவில்லை, யார் மூடியைப் பார்ப்பார்கள். கையை எட்டுகிறேன், பட்டை இழுக்கிறது, இன்னும் கொஞ்சம் எட்டி எடுத்துத் திருப்புகிறேன். தகடு முழுக்கக் காற்றுப் போக ஊசித்துளைகள். நடுவில் வட்டமாக ஒரு கறை, ஓரம் மட்டும் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது, நடுவில் குங்குமத்தின் சிவப்பு கொஞ்சம், மீதி உதிர்ந்துபோயிருக்கிறது. உதிர்ந்தது தரையில் விழவில்லை. விசிறி சும்மா இருக்குமா, இத்தனை நாளும் துளை வழியாகப் பொடியை உள்ளே இழுத்து, பொந்தின் அடியில் இருக்கிற ஊசிகளில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. நான் அதன்மேல் மாட்யூலை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இடித்துக் கெட்டியாக்கியிருக்கிறேன். ஆயுத பூஜைப் பொட்டு.

ஆவுடையப்பன் அண்ணாச்சி தட்டோடு வாசலில் நின்றது கண்ணில் நிற்கிறது. பக்கத்து அறைதான் அவருக்கு, ஆஸ்பத்திரிக் கரண்ட் முழுக்க அவர் பொறுப்பு, எனக்கு முன்னாலேயே இங்கே வந்தவர். அன்றைக்கு ஜெனரேட்டருக்கு மாலை, ஆம்புலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், லிஃப்ட் கதவுக்குச் சந்தனம், எக்ஸ்ரே மிஷினுக்குச் சந்தனம், எல்லாம் முடித்து வேட்டியும் நெற்றியில் விபூதியுமாக என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்தத் தயக்கம் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷப் பழக்கத்தில் இவர் என் வாசலில் தயங்கலாமா? பாய் ரூமாச்சே, என்ன நினைப்பாரோ என்றுதானே நிற்கிறார்? மிஷினுக்கு ஈரம் ஆகாது, தூள் ஆகாது என்று எனக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருக்கலாம். சங்கரபாண்டி என்று பேர் வைத்தவன் சொன்னால் அது மிஷினைப் பற்றிய பேச்சு, மசூது என்று பேர் வைத்த நான் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும், இல்லை, ஆகாது, அண்ணாச்சி அப்படி எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை, ஆனாலும் ஆகிவிடுமோ என்கிற நினைப்பு என் தலைக்குள் எப்போதும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதை என்ன செய்ய. வாங்க அண்ணாச்சி, என்ன அங்கயே நிக்கீங்க, இங்கயும் வைங்க என்றேன். வேணுமா பாய் என்றார். நல்லா வைங்க என்றேன். விளக்கு, வயர் எதுவும் இல்லாத இடம் இந்த மூடிதான் என்று நானே விரலால் காட்டினேன். அவர் வைத்தது சின்னதாக இருந்தது, கூடக் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். அப்புறம் அதை யார் துடைப்பார்கள்? கூட்டுகிற அம்மா துடைக்கமாட்டாள், நான் துடைக்கமாட்டேன், வைத்த பொட்டு தானாக உதிரணும். உதிர்ந்திருக்கிறது.

தூசி என்று சொல்லிவிடலாம். எல்லா நிற்கிற மிஷினுக்கும் தூசிதான் காரணம், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். சந்தனம் என்று சொன்னால், பாய் பூஜையைக் குறை சொல்லிவிட்டார் என்று கேன்டீனில் இரண்டு பேர் பேசுவார்கள், அதில் ஒருவன் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லுவான், அண்ணாச்சி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். ஆனால் தூசியோ சந்தனமோ, சிஸ்டரிடம் சொல்லாமல் இழுக்க முடியுமா? இழுக்கலாம். சட்டென்று இழுத்து, துடைத்து, செருகி, சுவிட்ச் விழாமல் இருந்துவிட்டால் என் வாக்கும் பிழைக்கும், சிரிப்பும் பிழைக்கும். விழுந்துவிட்டால்? விழுந்த நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏழாம் படுக்கையில் எதாவது ஆனால்? அவர் மனைவிக்கு நான் ஓடும் என்று சொன்ன கோடு. இல்லை, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, நான்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன் வலது பையில் இருக்கிறது, கட்டு இடது கையில், நல்லவேளை. அடித்ததும் எடுத்தார். "சிஸ்டர், காலைல நிக்காதுன்னு சொன்னேன்லா, அது தப்பு. நிக்கும். இப்பக் கழட்டணும், கழட்டுனா திரை எல்லாம் போயிரும்." என் குரலே எனக்கு யாருடையதோ மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை என்றேன், திரும்ப எழும்பி வருகிற வரைக்கும் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒவ்வொரு பெட்டுக்கும் ஆளை நிறுத்துதேன். நான் சொல்லாம கைய வைக்காதீங்க. போன வைக்காதீங்க." திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். மேலே செருப்புச் சத்தம், கதவுகள் நகரும் சத்தம், பெயர் பெயராகக் கூப்பிடுகிறார். ஸ்பிரிட் வேண்டும், மெல்லிய பிரஷ் வேண்டும், இரண்டும் பக்கத்து அறையில்தான் உண்டு, கட்டை அவிழ்த்துவிட்டு ஓடலாமா என்று பார்ப்பதற்குள் வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது, அண்ணாச்சி. கூப்பிட்ட பிறகுதான் யாரைக் கூப்பிட்டேன் என்று உறைத்தது. வந்துவிட்டார். ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் வேணும் என்றேன், எதற்கு என்று கேட்காமலே போய் ஸ்பிரிட் பாட்டிலும் பிரஷ்ஷும் டார்ச்சுமாகத் திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தினார். தகட்டை எங்கே வைத்தேன்? முகம் மேலே பார்க்கத்தான் வைத்திருக்கிறேன். மெதுவாகக் கையால் புரட்டினேன், அவர் பார்த்தாரா இல்லையா தெரியவில்லை, டார்ச்சைப் பொந்தின் மேல் பிடித்திருக்கிறார். "பாய், கழட்டுங்க" என்றது போன். பிஸ்மில்லாஹ். திருகாணி, இன்னொரு திருகாணி, நெம்புகோல். இழுத்தேன். ஒரு விநாடி ஒன்றும் ஆகவில்லை, ஆகாது போல என்று நெஞ்சு ஒரு குதி குதித்தது, உடனே எல்லாப் பச்சையும் ஒன்றாக அணைந்தது. விசிறி நின்று, பிறகு அலறிக்கொண்டு கிளம்பியது. மாடியில் யாரோ, போச்சு சிஸ்டர் என்றார்கள்.

"ஒண்ணு?" என்றார் சிஸ்டர் ஜெசிந்தா. நாடி நல்லா இருக்கு சிஸ்டர் என்று ஒரு குரல் தூரத்திலிருந்து. இரண்டு, இருக்கு. மூன்று, இருக்கு. பத்துக் கோடும் போய்ப் பத்து மனிதர்களின் விரல்கள் பத்து மணிக்கட்டில் இருக்கின்றன, என் மணிக்கட்டில் பட்டை. மாட்யூலின் உள்முனையில் மஞ்சள் பூத்திருந்தது, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன், பஞ்சில் மஞ்சளும் சிவப்பும். தூசி அண்ணாச்சி என்றேன். டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. பொந்துக்குள் பிரஷ்ஷை விட்டு ஊசிகளின் இடையே மெதுவாக, அவசரப்பட்டால் வளையும், அவசரப்படாமல் இருந்தால் மேலே என்ன ஆகும், மெதுவாக, வெளியே இழுத்து, துடைத்து, மறுபடியும். ஐந்து, இருக்கு. ஆறு, இருக்கு. "ஏழு?" பதில் இல்லை. பிரஷ் என் கையில் நின்றுவிட்டது. "ஏழு யாரு? ஷீபா, ஏழு?" இல்லை. ஒயர் கூடை கண்ணில் வருகிறது. டபுள் பெல் கேட்கிறது. இந்தக் கையால் காட்டியது, இந்த விரல், இந்த மூடிக்கு வைங்க என்று. நல்லா வைங்க என்று. யா அல்லாஹ், ஒரு மரியாதைக்காக ஒரு ஆளா. செருப்புச் சத்தம் ஓடுகிறது, கண்ணாடிக் கதவு நகர்கிறது. அப்புறம் சின்னப் பெண் குரல், அழப்போகிற குரல். "என் கைதான் நடுங்குது சிஸ்டர், அதான் தெரியல. அவருக்கு நல்லா இருக்கு. அவரே என் கையப் பிடிச்சிருக்காரு."

பிரஷ்ஷை மறுபடி ஊசிகளுக்கு இடையே விட்டேன். அண்ணாச்சி டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். ஊசிகள் வெள்ளியாகத் தெரிந்தன. இரண்டு கட்டைவிரல், ஒரே அழுத்தம். இந்த முறை தடுக்கவில்லை, க்ளிக் என் காதுக்கே கேட்டது, அண்ணாச்சியும் தலையாட்டினார். சுவிட்ச் முழித்துக்கொண்டிருக்கிறது, விசிறி அலறல் தணிகிறது, எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஆரஞ்சு. சிஸ்டர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். ஒன்று ஆரஞ்சு, இருக்கு. இரண்டு ஆரஞ்சு, இருக்கு. ஒரு மூலையில் ஒன்று பச்சை, அடுத்தது, அடுத்தது, வரிசையாக. வந்துட்டு சிஸ்டர், திரை வந்துட்டு என்று மேலே பல குரல்கள். ஓரத்தில் இருக்கிற புது விளக்கு மட்டும் இன்னும் ஆரஞ்சில் நிற்கிறது, தன்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. சோதித்துக்கொள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். பச்சை.

அப்போதுதான் முழங்கால் வலிப்பது தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். போனில் சிஸ்டர் எல்லாரையும் அவரவர் இடத்துக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "என்னதான் ஆச்சு பாய்?" தூசி என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அண்ணாச்சி நான் புரட்டி வைத்திருந்த தகட்டை எடுத்துத் திருப்பி, மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். போன் பக்கம் குனிந்தார். "சந்தனம் சிஸ்டர். ஆயுத பூஜைக்கு நான் வச்சது." நான்தான் வைக்கச் சொன்னேன் சிஸ்டர் என்று அவர் பேச்சில் குறுக்கே விழுந்து சொன்னேன். கரண்ட் மிஷினில் போய் யாராவது சந்தனம் வைப்பார்களா அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார் சிஸ்டர். தெரியும் சிஸ்டர் என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி. தகட்டை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே சொன்னார். "கம்ப்யூட்டர் ரூமுக்கு வைக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். வாசல்ல நின்னு யோசிச்சேன். எல்லா ரூமுக்கும் வச்சுட்டு இதை மட்டும் விட்டுட்டுப் போனா, பாய்ங்கறதால விட்டுட்டான்னு அவுக மனசு சங்கடப்படுமேன்னு வச்சேன்."

போனில் சிஸ்டர் சிரிக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. நான் அண்ணாச்சியைப் பார்க்கிறேன், அவர் தகட்டைப் பார்க்கிறார். அந்த வாசலில் இரண்டு பேர் நின்றோம், இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று தெரியும், இரண்டு பேரும் அடுத்தவருக்காக வேண்டும் என்றோம், மேலே பத்துப் பேர் படுத்திருந்தார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது, கை கட்டியிருந்தது. அடுத்த வருஷம் வேண்டாம் அண்ணாச்சி என்றேன், இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சரி பாய் என்றார். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, என் மணிக்கட்டில் இருந்த பட்டையை அவரே அவிழ்த்துவிட்டார். வராந்தாவில் ஏழாம் படுக்கைக்காரர் வீட்டம்மா உட்கார்ந்திருப்பாள், கோடு கொஞ்ச நேரம் நின்றது என்று அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.